சும்மா உட்கார எட்டணா

இந்தக் காலத்தில் ஒரு ஆடு வாங்குவதற்குக்கூட நாலு பேர் கூடிப் பேச வேண்டியிருக்கிறது. பேச டீ வேண்டும். டீ வந்தால் காகிதம் வேண்டும். காகிதம் வந்தால் பேனா எவனிடம் இருக்கிறது என்று ஒரு தேடல். நான் ஆடு வாங்கிய காலத்தில் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பேன், முதுகைத் தடவுவேன், காசைக் கொடுத்து ஓட்டிக்கொண்டு வந்துவிடுவேன். அதில் இரண்டு ஆடு செத்துப்போனது உண்மைதான். அதற்காக நான் யாரையும் கூட்டிவைத்துப் பேசவில்லை.

என் மருமகள் வச்சலா கூட்டிவைத்துப் பேசுகிற ஜாதி. மாமல்லபுரத்துப் பெண். பட்டணத்தில் அத்தை வீட்டில் தங்கி டைப் அடிக்கப் படித்தவள். கம்பெனி மேனேஜர்களுக்குப் பாடம் நடத்துகிற ஏதோ ஒரு இடத்தில் மூன்று வருஷம் ஸ்டென்சில் அடித்துக்கொண்டிருந்தாள். அடித்ததோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. அடித்ததை எல்லாம் படித்தும் வைத்திருக்கிறாள்.

எழுபத்துநாலாம் வருஷம் வைகாசி மாதம் அது. கேளம்பாக்கத்து உப்பங்கழி ஓரத்தில் எனக்கு நாற்பத்தெட்டு உப்புப் பாத்தி குத்தகை. முந்தின வருஷம் உப்பு இரண்டு தடவை மழையில் போயிற்று, கையில் ஒன்றும் தங்கவில்லை. பாத்திக்குச் சொந்தக்காரர் பட்டணத்தில் இருக்கிறவர். ஆனி பத்தாம் தேதிக்குள் எண்ணூறு ரூபாய் முன்பணம் வைத்தால் அடுத்த மூன்று வருஷத்துக்குக் குத்தகை எனக்கு. இல்லாவிட்டால் பக்கத்துப் பாத்திக்கார முத்துசாமிக்கு என்று கறாராகச் சொல்லிவிட்டார். முத்துசாமி அப்போதே என் வரப்பில் நடந்து பார்க்க ஆரம்பித்திருந்தான். செருப்போடு நடந்தான்.

அந்தச் சமயத்தில்தான் செங்கல்பட்டு வியாபாரி தாமோதரன் வந்தார். தோல் மண்டிகளுக்கு உப்பு அனுப்புகிறவர். பாத்தியில் உறைந்திருந்த உப்பைக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"மணி சின்னதா கீதே சடையா. இதை இப்ப வாரினா, கூலியெல்லாம் போக பாத்திக்குப் பன்னெண்டு ரூபா நிக்கும் ஒனக்கு. இன்னும் பன்னெண்டு நாளு அப்படியே உட்டு வாரு. பெரிய மணியா கட்டும். இருபத்தஞ்சு நிக்கறாப்புல வாங்கிக்கறேன்."

"மழை வந்தா?"

"மழை வந்தா நீ இன்னா, நான் இன்னா? கடலு பார்த்துக்கும்," என்று சிரித்தார். அவருக்கென்ன, சிரிக்கலாம். பாத்தியில் கிடக்கிற உப்பு ஒரு மணி நேர மழைக்குத் தாங்காது. கரைந்து, வந்த வழியே போய்விடும். வாரி மேட்டில் குவித்து ஓலை போட்டுவிட்டால் மட்டும்தான் நம்முடையது.

நான் அன்றைக்கே வாரிவிடுவது என்று முடிவு செய்தேன். என் மகன் வாசுதேவன் குறுக்கே நின்றான்.

"இப்ப வாரினா ஐந்நூத்திச் சொச்சம்தான் நைனா வரும். முன்பணத்துக்குப் பத்தாது. காத்திருந்தா ஆயிரத்தி எரநூறு."

"ஐந்நூறை எடுத்துக்கினு போயி அவுரு கால்ல வுழுவேன்டா. கையில ஒண்ணுமில்லாம போயி இன்னாத்த வுழுவறது?"

நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கும்போது வச்சலா உள்ளேயிருந்து பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கொண்டுவந்து, பின்பக்கத்தைத் திருப்பித் தரையில் விரித்தாள். நடுவிலிருந்து கோடு இழுத்து, அதிலிருந்து கிளைக்கோடு, அதிலிருந்து இன்னும் கிளை என்று போட்டுக்கொண்டே போனாள்.

"இன்னாம்மா இது?"

"மரம் மாமா."

"மரத்தை எதுக்குப் படுக்க வெச்சிக்கிற?"

"எப்படி நின்னாலும் மரம்தான். இதோ, சதுரம் போட்ட இடமெல்லாம் நாம முடிவு பண்றது. வாரலாமா, காத்திருக்கலாமா? வட்டம் போட்ட இடமெல்லாம் நம்ம கையில இல்லாதது. மழை வருமா, வராதா? ஒவ்வொரு கிளையோட நுனியிலயும் கடைசியா நம்ம கையில எவ்வளவு நிக்கும்னு எழுதிட்டா, எந்தச் சண்டை வேணும் எது வேணாம்னு தெரிஞ்சிடும்."

"மழை வருமான்னு ஒன் மரம் சொல்லுமா?"

"சொல்லாது. எத்தனைக்கு எத்தனைன்னு நாமதான் அதுக்குச் சொல்லணும். நீங்க சொல்லுங்க. வைகாசி கடைசிப் பதினஞ்சு நாள்ல உப்பு கரையற மாதிரி மழை எத்தனை வருஷத்துக்கு ஒருதரம் வரும்?"

"ரெண்டு வருஷத்துக்கு ஒருவாட்டி," என்றேன் பட்டென்று. நாற்பது வருஷமாக உப்பில் நிற்கிறவனுக்கு இது தெரியாதா?

அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் பாத்திக்கே வந்து, உப்பு வாருகிற பெண்களையெல்லாம் வரப்பில் உட்காரவைத்தாள். அவர்களுக்குத் தலைவி செங்கம்மாள். பதினாறு வயதிலிருந்து உப்பை வாருபலகையால் தள்ளுகிறவள். வாய் மட்டும் வாருபலகையைவிட அகலம். கழியிலிருந்து பொறுக்கின கிளிஞ்சல்களை வச்சலா வரிசையாக அடுக்கினாள். ஒரு கிளிஞ்சல், ஒரு வருஷம். அந்தப் பதினைந்து நாளில் மழையில் உப்பு போன வருஷமானால் கவிழ்த்து வைக்க வேண்டும், போகாத வருஷமானால் நிமிர்த்தி.

இவர்களுக்கு வருஷமா தெரியும்? ஒருத்திக்கு மூத்த பிள்ளை பிறந்த வருஷம், ஒருத்திக்கு மாடு செத்த வருஷம். "எம் புருசன் அந்தக் கோவளத்துக்காரியோட ஓடிப்போன வருசம் மழையே இல்ல. இருந்திருந்தா போயிருப்பானா, சோம்பேறி," என்றாள் ஒருத்தி. பாகிஸ்தான் சண்டை நடந்தது இரண்டு தடவை. எந்தச் சண்டை என்று அரை மணி நேரம் சண்டை. அவ்வளவு கூத்துக்குப் பிறகு பதினேழு கிளிஞ்சல் சேர்ந்தது. கவிழ்ந்தது ஐந்துதான்.

"எங்க, அந்தப் பெரிய மழை எங்க?" என்றேன். "ஆதியம்மா காலை ஒடைச்சிக்கினாளே, நாப்பத்தெட்டுப் பாத்தியும் ஒரே ராத்திரியில போச்சே! அதுக்கு ஏன் கிளிஞ்ச வெக்கல?"

ஆதியம்மாள் என் மனைவி. அந்த மழையில் வழுக்கி விழுந்து மூன்று மாதம் படுத்திருந்தாள்.

செங்கம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அது ஆவணி அண்ணாத்த. நான் நெறமாசமா வந்து ஒங்க வூட்டுல கஞ்சி காச்சி ஊத்துனேனே, மறந்துட்டியா? எம் பொண்ணு புரட்டாசியில பொறந்தா. அந்த மழையைத் தூக்கியாந்து வைகாசியில எப்படி வெக்கறது?"

பெண்களெல்லாம் சிரித்தார்கள். எனக்கு அந்த மழை வைகாசியில்தான் பெய்துகொண்டிருந்தது, இத்தனை வருஷமாக. அதை யாரோ எடுத்து வேறு இடத்தில் வைத்ததுபோல இருந்தது. "ஒனக்கு இன்னா தெரியும்," என்று சொல்லிவிட்டு பீடி பற்றவைத்தேன். அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது.

பதினேழில் ஐந்து. வாசுதேவனுக்கு வாயெல்லாம் பல். "பார்த்தியா நைனா, காத்திருக்கறதுதான் லாபம்." ஆனால் வச்சலா அவனையும் விடவில்லை.

"சராசரி போட்டா காத்திருக்கறதுதான் லாபம். ஆனா பாத்திக்குச் சொந்தக்காரர் சராசரியை வாங்கிக்க மாட்டார். அந்த அஞ்சுல ஒண்ணு இந்த வருஷம்னா நம்ம கையில ஒண்ணுமே இல்ல. இப்பவே வாரினாலும் பாத்தி போகும், காத்திருந்து மழை வந்தாலும் போகும். ரெண்டு கிளையும் எனக்குப் பிடிக்கலை. மூணாவது கிளை ஒண்ணு இருக்கணும்." பிறகு செங்கம்மாளிடம் திரும்பினாள். "ஏங்க்கா, மழை வர்றதுக்கு முன்னாடி ஒங்களுக்குத் தெரியுமா?"

"மத்தியானம் வரைக்கும் கடலுக்காத்து வரலன்னா, செங்கல்பட்டு பக்கம் இருட்டிக்கினு வரும். பத்துவாட்டில ஏழுவாட்டி சாயங்காலம் ஊத்தும்."

"அப்ப அரை நாள் கிடைக்குது. அரை நாள்ல ஒரு ஆள் எத்தனை பாத்தி வாருவீங்க?"

"ரெண்டு. உயிரைக் குடுத்தா ரெண்டரை."

எங்களுக்கு வழக்கமாக வருகிறவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேர் வாரினால் பதினாறு பாத்தி. எல்லாப் பாத்திக்காரனுக்கும் நடக்கிற கதை இதுதான். மேகம் கட்டினவுடனே அத்தனை பேரும் ஒரே பெண்களைத் தேடி ஓடுவார்கள். மூன்று ரூபாய் கூலி ஆறாகும், எட்டாகும். வரப்பில் நின்று பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே உப்பு கரைந்துபோகும். முன்கூட்டி ஆள் வைக்க எவனுக்கும் தோன்றியதில்லை. மழை வராவிட்டால் தண்டச் செலவு பார்.

வச்சலாவுக்குத் தோன்றியது. "இருபது பேரைப் பன்னெண்டு நாளும் இங்கயே உட்கார வெச்சிக்கலாம் மாமா. வேலை இல்லாத நாளைக்கு ஆளுக்கு எட்டணா. மொத்தம் நூத்தியிருபது ரூபா. மழை வந்தா நாப்பது பாத்தி தப்பிக்கும், ஆயிரம் ரூபா. எட்டணாக் கூலி போக எண்ணூத்தியெண்பது. மழை வரலைன்னா ஆயிரத்தி எண்பது. எந்தப் பக்கம் போனாலும் முன்பணம் கட்டலாம்."

"சும்மா ஒக்கார எட்டணாவா?" என் குரல் கழிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். "எங்கப்பன் ஒக்காந்தப்ப அவனுக்கு யாரு குடுத்தா?"

"சும்மா ஒக்கார எட்டணா பத்தாது," என்றாள் செங்கம்மாள். "டீயும் வேணும்."

நான் எழுந்து நின்றேன். "அம்மா மருமவளே, மழைக்கு வட்டம் போட்ட சரி. இவளுங்களுக்கு வட்டம் எங்க? பன்னெண்டு நாளு ஒன் எட்டணாவைத் துன்னுட்டு, மேகம் கட்டின அன்னிக்கி முத்துசாமி எட்டு ரூபா தரேன்னா, பத்துல அஞ்சு பேரு அங்க ஓடிடுவாளுங்க. அப்ப ஒன் மரம் இன்னா பண்ணும்?"

செங்கம்மாள் முகம் சுருங்கிப்போயிற்று. வாசுதேவன் "நைனா!" என்றான். ஆனால் வச்சலா என்னைப் பார்த்த பார்வை, நான் ஏதோ பரிசு கொடுத்ததுபோல இருந்தது.

"நல்ல கேள்வி மாமா. அந்த வட்டம் நான் போடலை," என்று சொல்லி, நான் சொன்ன கணக்கையே அப்படியே போட்டுப் பார்த்தாள். பாதிப் பேர் போனால் இருபது பாத்திதான் மிஞ்சும். ஐந்நூறு. முன்பணம் பத்தாது. "மாமா பயப்படற மாதிரி நடந்தா இந்தக் கிளையும் ஒடிஞ்சிடுது. செங்கம்மாக்கா, கோவிச்சுக்காதீங்க. போகாம இருக்க என்ன பண்ணணும்?"

செங்கம்மாள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "எட்டணாவை அன்னன்னிக்கி சாயங்காலம் கையில குடுக்கணும். கடேசில மொத்தமா தரேன்னு எவன் சொன்னாலும் எங்களுக்கு நம்பிக்க இல்ல. அண்ணாத்த சொன்னாலும்தான். இன்னொண்ணு. எப்ப வாரணும்னு நான்தான் கொரலு குடுப்பேன். இவுரு வானத்தைப் பார்த்துக்கினு நின்னாருன்னா பேஜாரு."

அப்படியாகத்தான், நான் சம்மதிக்காமலே நான் சம்மதித்ததாக முடிவாயிற்று.

அடுத்த எட்டு நாளும் வானம் கழுவித் துடைத்த ஈயப் பாத்திரம் மாதிரி இருந்தது. இருபது பெண்கள் மேட்டில் சவுக்கு நிழலில் உட்கார்ந்து தாயம் ஆடினார்கள். பேன் பார்த்தார்கள். சீமெண்ணெய் க்யூவில் யார் யாரை இடித்தார்கள் என்று பேசிச் சிரித்தார்கள். சாயங்காலமானால் வாசுதேவன் பத்து ரூபாயைச் சில்லறையாக மாற்றிக்கொண்டு வந்து கையில் கையில் வைத்தான். முத்துசாமி தன் வரப்பில் நின்றுகொண்டு, "அண்ணாத்த, எனக்கும் ஒரு எடம் போடு. நானும் சும்மா ஒக்கார நல்லா ஒக்காருவேன்," என்பான். எனக்குச் சோறு இறங்கவில்லை. பாத்தியில் மட்டும் மணி ஒவ்வொரு நாளும் தடித்துக்கொண்டு வந்தது. சின்ன மணியாக இருந்தால் போனாலும் இவ்வளவு வலிக்காது.

ஒன்பதாம் நாள் காலையும் வெயில் நன்றாகத்தான் இருந்தது. பதினோரு மணிக்கு ஓலை அசையவில்லை. பன்னிரண்டுக்கும் அசையவில்லை. செங்கம்மாள் தாயக்கட்டையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து கடல் பக்கம் முகத்தைக் காட்டி நின்றாள்.

"ஏன் இப்படி நிக்கற? மேற்கே ஒரு பொட்டு மேகம் இல்ல," என்றேன்.

"காத்து இல்ல அண்ணாத்த."

"இன்னும் மூணு நாளு வுட்டா முழு மணி கட்டும். இப்ப வாரினா அந்தாளு வெலையைக் கொறைப்பான்."

அவள் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, மேட்டைப் பார்த்து ஒரே குரல். "எறங்குங்கடீ!"

இருபது பேரும் இறங்கினார்கள். வாருபலகை என்பது நீளக் கம்பில் குறுக்கே அடித்த பலகை. உப்பை அதனால் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுவந்து, கூடையில் அள்ளி மேட்டில் கொட்ட வேண்டும். நானும் ஒரு பலகையை எடுத்துக்கொண்டேன். திட்டுவதற்காவது பக்கத்தில் இருக்க வேண்டுமே.

ஒரு மணிக்கு மேல் செங்கல்பட்டு பக்கம் கறுக்க ஆரம்பித்தது. எல்லாப் பாத்தியிலும் கூச்சல் கிளம்பியது. முத்துசாமி நெம்மேலிக்கு ஆள் பிடிக்க லாரி அனுப்பிவிட்டு, எங்கள் வரப்புக்கு ஓடிவந்தான். கையில் நோட்டு.

"செங்கம்மா! அஞ்சு பேரை மட்டும் இட்டுக்கினு வா! ஆளுக்கு எட்டு ரூபா, இப்பவே டப்பு!"

நான் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டேன். ஐந்து பேர் போனால் பத்துப் பாத்தி போகும். எனக்கு முன்னால் வாரிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்து நோட்டைப் பார்த்தார்கள். எட்டு ரூபாய் என்பது அவர்களுக்குக் கிட்டத்தட்ட மூன்று நாள் கூலி.

செங்கம்மாள் குனிந்தபடியே, வாருவதை நிறுத்தாமல் பேசினாள். "எட்டு நாளா ஒக்காத்தி வெச்சி டீ வாங்கிக் குடுத்தது இவங்க. நீ வரப்புல நின்னுகினு சிரிச்ச. இப்ப நோட்டை ஆட்டறியே, எந்த மொகத்தை வெச்சிக்கினு நாங்க வர்றது? ஏண்டி, இன்னாத்த வேடிக்க பார்க்கற? தள்ளு!"

நிமிர்ந்த இரண்டு பேரும் குனிந்தார்கள். ஒருத்தியும் போகவில்லை. முத்துசாமி நோட்டை மடியில் சொருகிவிட்டு, தானே பலகையைத் தூக்கிக்கொண்டு தன் பாத்தியில் இறங்கினான். பாவமாகக்கூட இருந்தது.

நாலு மணிக்குக் கொட்டியது. மழை என்றால் மழை. நாங்கள் உப்பு அம்பாரத்தின்மேல் ஓலையைப் போட்டு, அதன்மேல் ஆளுக்கொரு பக்கம் படுத்துப் பிடித்துக்கொண்டோம், காற்று தூக்கிக்கொண்டு போகாமல். நாற்பத்தோரு பாத்தி வாரியிருந்தோம். மீதி ஏழும் என் கண்ணெதிரே வெறும் தண்ணீராயிற்று. முத்துசாமியுடையதில் ஆறு மிஞ்சியது. நெம்மேலிக்குப் போன லாரி, நனைந்த பெண்களை ஏற்றிக்கொண்டு ஐந்தரைக்கு வந்து சேர்ந்தது.

இரண்டு நாள் கழித்துத் தாமோதரன் வந்தார். உப்பைக் கிள்ளினார், உருட்டினார். "பன்னெண்டு நாளு சொன்னேன். இது ஒம்போது நாளு உப்பு," என்று இழுத்தார். அதற்குள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பெரிய மணி உப்பு வேறு எங்கும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பாத்திக்கு இருபத்திரண்டு நிற்கிற மாதிரி முடிந்தது. எட்டு நாள் எட்டணாக் கூலி எண்பது ரூபாய் போக, கையில் எண்ணூற்று இருபத்திரண்டு. வாசுதேவன் மறுநாளே பட்டணம் போய் முன்பணத்தைக் கட்டிவிட்டு வந்தான். மூன்று வருஷத்துக்குப் பாத்தி எங்களுடையது. அன்றைக்குத்தான் எனக்குச் சோறு ஒழுங்காக இறங்கியது, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

அதோடு முடிந்ததா? ஆனி பிறந்து நாலாவது நாள் காலையில் முத்துசாமி வீட்டுக்கே வந்துவிட்டான், செருப்பை வெளியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு. அடுத்த வாரலுக்கு இரண்டு பேருமாகச் சேர்ந்து நாற்பது பெண்களை உட்காரவைக்கலாமா, எட்டணாக் கூலியில் பாதியைத் தானே தருவதாகச் சொல்கிறான். செங்கம்மாள் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். இப்போது எட்டணா இல்லையாம், முக்கால் ரூபாயாம். டீயோடு பன் வேண்டுமாம். வச்சலா வேறொரு காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு மரத்தைப் படுக்கவைத்துவிட்டாள். வாசுதேவனையும் சேர்த்து நாலு தலையும் அதன்மேல் கவிழ்ந்துகிடந்தது.

"யாரு பாத்தியை மொதல்ல வாரறது? அதுக்கு ஒரு சதுரம் போடணும்," என்றான் முத்துசாமி. அவனுக்குக்கூட அந்தப் பேச்சு வந்துவிட்டது.

"மாமா, நீங்களும் வாங்க. போன தடவை நீங்க கேட்ட கேள்விதான் நம்மளைக் காப்பாத்துச்சு. இதுல எதை விட்டுட்டேன்னு பாருங்க," என்றாள் வச்சலா.

"ஒண்ணு கேக்கறேன். அந்த மழை நாலு மணிக்கு வந்துச்சி. ரெண்டு மணிக்கு வந்திருந்தா?"

"இருபது பாத்திதான் தப்பிச்சிருக்கும்."

"பாத்தி போயிருக்கும்."

"போயிருக்கும் மாமா. ஆனா அப்பவும் நாம எடுத்த முடிவு தப்பில்ல. தெரிஞ்சதை வெச்சி சரியாத்தான் எடுத்தோம். பலன்தான் கெட்டுப்போயிருக்கும்."

"அப்ப சாயங்காலம் அடுப்புல எதை வெப்ப? சரியான முடிவையா?"

செங்கம்மாள் களுக்கென்று சிரித்தாள். வச்சலா சிரிக்கவில்லை. பேனாவின் முனையைப் பல்லில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு குனிந்து, மழைக்குப் போட்ட வட்டத்தை அடித்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு வட்டம் போட ஆரம்பித்தாள். சீக்கிரம் வருகிற மழைக்கு ஒன்று, நேரம் கழித்து வருகிற மழைக்கு ஒன்று.

"செங்கம்மாக்கா, மத்தியானக் காத்துக்குக் காத்திருக்காம, விடியற்காலையிலயே பாதி பாத்தியை வாரி வெச்சிட்டா என்ன ஆகும்?"

"அது நல்லாத்தான் கீது. ஆனா அதுக்குக் கூலி வேற."

மறுபடி ஆரம்பித்தார்கள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். "மாமா, டீ வருது," என்றாள். வேண்டாம் என்றேன். பாத்தியில் புதுத் தண்ணீர் விட்டு நாலு நாளாகிறது, ஓரத்தில் வெள்ளை கட்ட ஆரம்பித்திருக்கும். ஒருதரம் ஜெயித்ததை வைத்துக்கொண்டு ஒரு காகிதத்தை நம்ப நான் தயாராக இல்லை. பதினேழு கிளிஞ்சல் சேரட்டும், அப்புறம் பார்க்கலாம். அதுவரை நான் இருந்தால். அவர்கள் பேச்சுச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் கழிப் பக்கம் நடந்தேன்.